செத்தவர் வைத்த கைநாட்டு

என் அப்பா உயிரோடு இருந்தவரை பத்திரப் பதிவு அலுவலகத்தின் படியில் கால் வைத்ததில்லை. செத்த பிறகுதான் போனார். போய், கொடைக்கானல் மேல்மலையில் போளூரில் இருந்த எங்கள் பூண்டுக் காட்டை விற்கும் அதிகாரத்தை முன்பின் தெரியாத ஒருவருக்கு எழுதிக் கொடுத்து, பெருவிரலை மையில் அமுக்கிக் கைநாட்டும் வைத்துவிட்டு வந்தார். அந்தக் கைநாட்டு செல்லும் என்று இன்றுவரை காகிதங்கள் சொல்கின்றன. அவர் செத்ததுதான் செல்லாதாம்.

நான் பத்தாவது படித்த வருஷம் அவர் செத்தார். விடியற்காலையில் பூண்டுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். சந்தைக்குக் கிளம்பி நின்ற ஜீப்பிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு, அதிலேயே அவரைக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனோம். பாதி வழியில் அம்மாவின் மடியில் அவர் தலை சரிந்தது. டிரைவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பினார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. செத்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் அறுத்துத்தான் தருவார்கள் என்ற பயம் எங்கள் மேல்மலைக் கிராமங்களில் எல்லோருக்கும் உண்டு. காட்டின் ஓரத்தில், பேரிக்காய் மரத்தடியில் அவரைப் புதைத்துத் தலைமாட்டில் கல் அடுக்கினோம். கல்லில் பெயர் வெட்டவில்லை. யாருடைய குழி என்று ஊருக்கே தெரியும்போது பெயர் எதற்கு என்று விட்டுவிட்டோம்.

பட்டாவிலும் பெயர் மாற்றவில்லை. எங்கள் ஊரில் யாரும் மாற்றுவதில்லை. அண்ணன் தம்பிகள் காட்டை வாய்ப்பேச்சிலேயே பிரித்துக்கொள்வார்கள். நாலு பேர் முன்னால் வரப்பில் கல் நட்டால் பாகம் முடிந்தது. காகிதத்தில் மட்டும் செத்த அப்பன் பெயரே நிற்கும். அதை அடித்துவிட்டுத் தன் பெயரைப் போட்டுக்கொள்ளும் மகனை, அப்பனை வீட்டைவிட்டு வெளியே தள்ளியவனைப் போல் ஊர் பார்க்கும். "அப்பன் பேரு பட்டாவுல கெடக்குற வரைக்கும் புள்ளைகளுக்குள்ள சண்டை வராதுலே" என்று அம்மாவும் அண்ணனிடம் சொல்லிவைத்திருந்தாள். அண்ணனும் நானும் இரண்டே பேர். எனக்கு எதற்குச் சண்டை? நான் கல்யாணமாகிக் கொடைக்கானலை ஒட்டிய அட்டுவம்பட்டிக்கு வந்துவிட்டேன். பூண்டு எடுக்கும் காலத்தில் அண்ணன் எனக்கொரு மூட்டை கொண்டுவந்து போடுவான். அதுவே என் பாகம் என்று இருந்தேன்.

ரேஷன் கார்டிலும் அப்பா இருந்தார். அவருக்குண்டான அரிசி மாதாமாதம் வந்தது, நாங்களும் வாங்கிச் சாப்பிட்டோம். அதைப் பெரிய குற்றமாக அன்றைக்கு எங்கள் தெருவில் யாரும் நினைக்கவில்லை. அப்படிப் பார்த்தால் எங்கள் ஊரில் செத்தவர்கள்தான் நிறைய அரிசி சாப்பிடுகிறார்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு காலையில், நான் வேலை பார்க்கும் போர்டிங் ஸ்கூல் ஆபீஸுக்கு அண்ணன் போன் செய்தான்.

"ஏ புள்ள, நம்ம காட்டுல ஜேசிபி நிக்குது."

"யாரக் கேட்டு விட்டாங்களாம்?"

"அப்பாவக் கேட்டுத்தானாம்."

அவன் விளையாடுகிறான் என்று நினைத்தேன். எதிர்முனையில் அவனுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அங்கே சொகுசு விடுதி கட்டப்போகிறார்களாம். பள்ளத்தாக்கு தெரியும் இடமாம். அந்தப் பள்ளத்தாக்கை நாங்கள் ஒருநாளும் நின்று பார்த்ததில்லை, குனிந்து களையெடுக்கவே பொழுது சரியாக இருந்தது.

வக்கீல் வைத்துப் பத்திரத்தின் நகலை வாங்கினோம். மலைக்குக் கீழே ஒரு ஊரில் அப்பா பெயரில் அதிகாரப் பத்திரம் பதிவாகியிருந்தது. அதை வைத்து ஒருவன் இன்னொருவனுக்குக் காட்டை விற்றிருந்தான். எழுதிக் கொடுத்தவர் உயிரோடுதான் இருக்கிறார் என்று யாரோ ஒரு டாக்டர் தந்த சான்றும் கூடவே இருந்தது. அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் கிடைக்காத டாக்டர், செத்தபிறகு வந்து நாடி பிடித்திருக்கிறார்.

பத்திரத்தில் அப்பா பெயருக்குப் பக்கத்தில் ஒரு கிழவரின் படம். யாரென்றே தெரியவில்லை. ஒட்டிய கன்னம், புதுச் சட்டை, சட்டையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. கேமராவைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அந்தத் தாளைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள்.

"யாருலே இவரு? ரெண்டு கண்ணுலயும் பூ விழுந்துருக்கு. வயித்துக்கு இல்லாத மொகமால்ல இருக்கு."

"நம்ம காட்டத் தூக்கிக் குடுத்தவன்மா அவன்" என்றான் அண்ணன். "அவன் சாப்புட்டானா இல்லையான்னு இப்ப நீ கேக்குற."

கைரேகையை ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று கேட்டேன். வக்கீல், "அப்பாவோட கைரேகை வேற எதுலயாவது இருக்காம்மா?" என்றார். யோசித்துப் பார்த்தோம். கடன் வாங்காதவர், சொத்து வாங்காதவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். உலகத்தில் எந்தக் காகிதத்திலும் அவர் விரல் பட்டிருக்கவில்லை. பட்டாவில்கூட அவர் பெயரைத் தாத்தாவே உயிரோடு இருந்தபோது ஏற்றிவைத்திருந்தார். யோக்கியமாக வாழ்ந்ததற்கு இப்படி ஒரு தண்டனை உண்டு என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

போலீஸுக்குப் போனோம். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். "உங்க அப்பா செத்ததுக்கு சர்டிபிகேட் கொண்டாங்க, உடனே கேஸ் போடுறேன்" என்றார். எங்களுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒன்றுதான். அப்பா செத்துவிட்டார் என்று அரசாங்கம் ஒரு வரி எழுதித் தந்தால் அந்தப் பத்திரம் அங்கேயே செத்துவிடும், காடு எங்களுக்குத் திரும்பும்.

அப்பாவின் இறப்பைத் தாமதமாகப் பதிவு செய்யச் சொல்லித் தாலுகா ஆபீஸில் மனு கொடுத்தோம். மனுவை வாங்கியவர், செத்தவன் கையில் வெற்றிலை பாக்குக் கொடுத்த மாதிரி வாங்கி ஓரமாக வைத்தார். பிறகு விசாரணை என்று ஒருவர் வந்தார். ஊரே கூடி நின்று சொன்னது, குழி தோண்டியவர் சொன்னார், ஜீப் ஓட்டியவர் சொன்னார். வந்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ரேஷன் கார்டை விரித்தார். "இதுல உயிரோட இருக்காரே" என்றார். அம்மா ஏன் விதவை உதவித்தொகைக்கு எழுதிப்போடவில்லை என்றும் கேட்டார். அம்மாவுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மனு மேலே போனது, கீழே வந்தது, மறுபடி மேலே போனது.

ஜேசிபிக்கு இந்த ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. எங்கள் தடை மனுவுக்குக் கோர்ட்டில் வாய்தாவுக்கு மேல் வாய்தா ஆனது. அதற்குள் படிக்கட்டு மாதிரி இருந்த காட்டை வெட்டிச் சமமாக்கிவிட்டார்கள். அண்ணன் குறுக்கே போய் விழுந்தான், போலீஸ் வந்து தூக்கிப் போட்டது. பேரிக்காய் மரத்தைச் சாய்த்து, அதன் அடியில் இருந்த மண்ணையும் கல்லையும் வாரி, டிப்பர் லாரியில் ஏற்றிக் கொண்டுபோய் எங்கோ ஒரு பள்ளத்தில் கொட்டினார்கள். எந்த லாரி, எந்தப் பள்ளம் என்று யாரும் சொல்லவில்லை. வாய்ப்பேச்சைத் தவிர, அப்பா செத்ததற்கு இருந்த ஒரே சாட்சி அந்தக் குழிதான். அன்றைக்கு அம்மா அழவில்லை. நான் அழுதேன், ஆத்திரத்தில்.

அதற்குப் பிறகு அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது. பதறாத காரியம் சிதறாது என்று நான் சொன்னதெல்லாம் அவன் காதில் ஏறவே இல்லை. யாருக்கும் சொல்லாமல் கீழே இறங்கிப் போனான். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து காரியம் முடித்துத் தரும் தரகன் ஒருவனைப் பிடித்தான். சில நாளில் கையில் ஒரு இறப்புச் சான்றோடு வந்தான். அப்பா பெயர் சரி, செத்த நாள் சரி, இடம் சரி. பழுப்பேறிய தாள், மங்கிய முத்திரை. வக்கீலிடம்கூடக் காட்டாமல் நேரே ஸ்டேஷனுக்குப் போய்க் கொடுத்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தான்.

"கெடச்சிருச்சு புள்ள. வெரசா முடிஞ்சிரும் இனி."

வெரசாகத்தான் முடிந்தது. சான்றைச் சரிபார்க்க அனுப்பினார்கள். அந்த எண்ணில் அப்படி ஒரு பதிவே இல்லை என்று பதில் வந்தது. அதில் கையெழுத்துப் போட்டிருந்த அதிகாரி, அப்பா செத்த வருஷம் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாராம். இறந்தவர் பெயரில் காட்டை விற்றவர்கள் மேல் அதுவரை ஒரு வழக்கும் இல்லை. என் அண்ணன் மேல் அன்றைக்கே வழக்குப் பதிவானது. பொய் ஆவணம் புனைந்தது, அதை உண்மையென்று கொடுத்தது என்று வரிசையாகப் பிரிவுகளைப் போட்டு, இரவோடு இரவாகச் சிறைக்கு அனுப்பினார்கள்.

வக்கீல் ஆபீஸில் நான் சத்தம் போட்டேன். "அதுல என்ன சார் பொய் இருக்கு? எங்கப்பா அன்னைக்குத்தான் செத்தாரு. நான் அந்த ஜீப்புல இருந்தேன்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார். "உள்ள எழுதியிருக்கது உண்மையா பொய்யாங்கிறத சட்டம் அப்புறம்தாம்மா பாக்கும். இத யாரு குடுத்ததாக் காட்டுதோ, அவரு குடுத்தாரா? இல்லன்னா பொய் ஆவணம். உங்க பக்கம் நியாயம் இருந்தாலும், அந்த நியாயத்த நிலைநாட்ட ஒரு போலிக் காகிதம் செஞ்சா அது குற்றம்தான்."

சட்டம் சொல்வது எனக்குப் புரிந்தது. அண்ணன் மேல் வந்த கோபமும் அடங்கவில்லை. குடம் பாலில் ஒரு துளி விஷம் விழுந்த மாதிரி, அவன் கொடுத்த அந்த ஒரு தாளுக்குப் பிறகு ஊரார் சொன்ன அத்தனை உண்மையும் கெட்டுப்போனது. "போலிச் சான்று செய்த குடும்பம்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒவ்வொரு வாய்தாவிலும் சொன்னார்.

அண்ணன் ஜாமீனில் வந்தபோது பாதியாக இளைத்திருந்தான். வந்ததும் அவன் எடுத்தது அந்தக் கிழவரின் படத்தைத்தான். படத்தைப் போனில் பிடித்துக்கொண்டு மிளகு வியாபாரிகளிடமும் ஜீப் டிரைவர்களிடமும் காட்டித் திரிந்தான். ஒரு மிளகு வியாபாரி அடையாளம் சொன்னார். கீழ்மலையில் ஆடலூர்ப் பக்கம் எஸ்டேட்டுகளில் மிளகு பறிக்கிறவர், மலைச் சரிவில் இருக்கும் பழங்குடிக் குடியிருப்பில் ஒருவர். அண்ணனும் நானும் போனோம்.

குடியிருப்பில் அவருக்குத் தங்கை முறையாகும் ஒரு அம்மா இருந்தார். எங்களைப் பார்த்துப் பயப்படவில்லை, ஒளிக்கவும் இல்லை. படத்தில் இருப்பவர் தன் அண்ணன்தான், ஆனால் பத்திரத்தில் இருப்பது அவர் பெயரில்லை என்றார். கல்யாணம் காட்சி இல்லாத தனியாள்.

"கண்ணு தெரியாமப் போச்சுங்க. மிளகுக் கொடியத் தடவித் தடவித்தான் பறிப்பாரு. ஒரு ஆளு கார்ல வந்து, கண்ணு ஆப்ரேசன் பண்ணித் தாரேன், கைநாட்டு மட்டும் வையின்னு கூட்டிட்டுப் போனாரு. புதுச் சட்டை எடுத்துக் குடுத்தாங்க. திரும்பி வந்து, ஆப்ரேசன் அடுத்த தடவையாம்னு சொன்னாரு. மறுபடி வந்து கூட்டிட்டுப் போனாங்க. இன்னும் வரலைங்க. கண்ணு பாத்துட்டு அங்கயே எங்கயாச்சும் வேலைக்கு நின்னுட்டாரோ என்னமோ."

அண்ணன் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். இத்தனை நாள் அவன் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருந்த ஆள், தன் கண்ணுக்கு மருந்து கேட்டுத்தான் விரலை நீட்டியிருக்கிறார். ஆனாலும் எங்களுக்கு நம்பிக்கை வந்தது. அவரை உயிரோடு கோர்ட்டில் நிறுத்தினால் போதும். வக்கீல் மனுப் போட்டார். அந்த ஆளைத் தேடிக் கொண்டுவர வேண்டும் என்று கோர்ட் போலீஸுக்கு உத்தரவு போட்டது. அன்று வீட்டில் அம்மா கேசரி கிண்டினாள்.

அடுத்த வாய்தாவில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, பத்திரம் எழுதிக் கொடுத்தவரே இறந்துவிட்டார் என்று ஒரு தாளைக் கொடுத்தார். அப்பாவின் இறப்புச் சான்று. கீழே சமவெளியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நோய்வாய்ப்பட்டு இறந்திருக்கிறார். அவர் சட்டைப்பையில் அப்பா பெயரில் ஒரு அடையாள அட்டை இருந்திருக்கிறது. உறவினர் என்று ஒருவன் கையெழுத்துப் போட்டு உடலை வாங்கி, மின்மயானத்தில் எரித்திருக்கிறான். அப்பா பெயரில் செத்து எரிந்தவர் அந்தக் கிழவர்தான் என்று எங்களுக்குப் புரிந்தது. தாளில் அப்பா பெயர், கணவன் மனைவி பெயர் எழுதும் இடத்தில் என் அம்மாவின் பெயர், வீட்டு முகவரி போளூர். செத்த நாள் மட்டும் அந்த அதிகாரப் பத்திரம் பதிவாகிப் பல மாதங்களுக்குப் பிறகு. கோர்ட் அதைச் சரிபார்க்க அனுப்பியது. அசல்தான் என்று பதில் வந்தது. முத்திரை அசல், கையெழுத்து அசல், பதிவு எண் அசல்.

என் அண்ணன் செய்தது பொய்ச் சான்று, அதிலிருந்த ஒவ்வொரு எழுத்தும் உண்மை. அவர்கள் கொடுத்தது உண்மைச் சான்று, அதில் ஒரு எழுத்துகூட உண்மையில்லை. இதைக் கோர்ட்டில் கத்திச் சொல்ல வேண்டும் போல இருந்தது. அந்தக் கிழவர் நோயில்தான் செத்தாரா, வேறு ஏதாவது நடந்ததா என்று எனக்குத் தெரியாது. இனிமேல் யாருக்கும் தெரியப்போவதில்லை. எரித்தாகிவிட்டது.

அதற்கடுத்த மாதம் அம்மா ரேஷன் கடைக்குப் போனாள். கடைக்காரர் கார்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அய்யா பேர எடுத்துட்டாங்கம்மா. எறந்துட்டாருன்னு வந்துருக்கு" என்றாராம். நாங்கள் மனுவுக்கு மேல் மனுக் கொடுத்துக் கெஞ்சியபோது சாகாதவரை, அவர்கள் கேட்டதும் அரசாங்கம் சாகவிட்டது. அம்மா பையை அடுப்படியில் வைத்துவிட்டு, கொடியில் கிடந்த சேலையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அன்று நான் அங்கே இருந்தேன். அந்தக் குளிரில் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்து ஓடிப்போய்த் தடுத்தேன்.

"விடு தாயி" என்றாள். "யாரு பெத்த புள்ளையோ, எம்புருசன் பேருல வெந்துருக்காரு. அந்தாளு பேரச் சொல்லி ஒரு சொம்புத் தண்ணி விட ஆள் இல்ல. நானாச்சும் முழுகிட்டு வாரேன்."

அண்ணன் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். போய் இன்னொரு வாளி தண்ணீர் கொண்டுவந்து வைத்தான்.

இப்போது விஷயம் இங்கே வந்து நிற்கிறது. எரிந்தது என் அப்பா இல்லை, ஆடலூர்க் கிழவர்தான் என்று காட்டினால் பத்திரமும் உடையும், அண்ணனின் வழக்கிலும் ஒரு மூச்சுவிட இடம் கிடைக்கும் என்கிறார் வக்கீல். காட்டாவிட்டால் காடு யானை வாயில் போன கரும்புதான், அண்ணன் ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான். ஆனால் அந்தக் கிழவர் அவருடைய சொந்தப் பெயரில் இன்னும் சாகவில்லை. எல்லாப் பட்டியலிலும் உயிரோடு இருக்கிறார். தேடியும் கிடைக்கவில்லை, தலைமறைவாக இருக்கலாம் என்று போலீஸ் எழுதிக் கொடுத்துவிட்டது. அவர் செத்ததற்கு ஆதாரம் கொண்டுவாருங்கள் என்கிறது கோர்ட்.

அதற்காகப் போன வாரம் மறுபடி ஆடலூருக்குப் போனோம். தங்கை முறையான அந்த அம்மாவுக்குத் தன் அண்ணன் செத்ததே தெரியாது. நாங்கள்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"பொணத்தையாச்சும் கண்ணுல காட்டியிருக்கலாம்லங்க" என்றார். பிறகு, "செத்ததுக்கு எங்கிட்ட என்னங்க சீட்டு இருக்கும்? கார்டுல இருக்காருன்னு இந்த மாசமும் அரிசி போட்டாங்க" என்றார்.

மண்பானைக்குப் பக்கத்தில் அந்த அரிசி ஒரு பையில் இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டு அடுப்படியில் வருஷக்கணக்காக இருந்த பையும் அப்படித்தான் இருக்கும்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து, வளைவுகளில் வந்து வந்து போகும் காப்பிச் செடிகளைப் பார்த்துக்கொண்டு வந்தான். என் பக்கம் திரும்பாமலே பேசினான்.

"ஏ புள்ள. அந்தத் தரகன் இன்னும் அந்த டீக்கடையிலதான் உக்காந்துருப்பான்."

"அந்தப் பேச்ச எடுத்த, நான் இங்கயே எறங்கிருவேன்" என்றேன். கொடைக்கானல் வரும்வரை அவன் கையைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.